தொலைவிலிருந்து எழுப்பும் இல்லம்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன மொழி. கட்டுகிறவர் கட்டும் இடத்திலேயே குடியிருந்து, கல்லும் மணலும் தம் கண்ணெதிரே வந்திறங்க, கொத்தனாரோடு நாள்தோறும் பேசியும் பிணங்கியும் வீடு எழுப்பிய காலத்தில் பிறந்த மொழி அது. அருகிலிருந்து கட்டுவதே இத்துணைப் பெரும்பாடு என்றால், கட்டுகிறவர் ஓர் ஊரிலும் கட்டடம் வேறோர் ஊரிலுமாக இருக்கையில் நேரும் இடர்ப்பாடுகளைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் மறைமாவட்டத்தின் எல்லைப் பகுதிகளில் இவ்வாறு தொலைவிலிருந்து வீடு கட்டுவோர் தொகை பெருகி வருகின்றது. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே ஒகேனக்கல் நோக்கிப் போகும் வழியில் உள்ளது நாட்றாம்பாளையம். சுற்றிலும் காடும் குன்றும் சூழ்ந்த ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வழங்கும் எல்லைப் பகுதி. மழை பொய்த்த ஆண்டுகளில் இப்பக்கத்து இளைஞர்கள் பிழைப்பு நாடிச் செல்லும் ஊர்கள் ஓசூரும் பெங்களூருமே. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் தொழிற்சாலைகளுக்குச் சென்றவர் பலர். பெங்களூரின் உயர்ந்த கட்டடங்களில் கொத்தராகவும் சித்தாளாகவும் உழைக்கச் சென்றவர் அவரினும் பலர். கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவரும் உளர்.

இவ்வழிகளில் செல்வோர் இருவகைப் புது வீடுகளைக் காணலாம். ஒன்று, நகரத்துச் செல்வர் வார இறுதியில் வந்து தங்குவதற்காகத் தோட்டத்தின் நடுவே எழுப்பும் ஓய்வு வீடு. குளிர்ச்சி மிகுந்த தளியை ஆங்கிலேயர் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்ததாகச் சொல்வார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் இத்தகைய வீடுகள் மிகுதி. மற்றொன்று, இம்மண்ணின் பிள்ளைகளே வெளியூரில் ஈட்டிய பொருளைக் கொண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கும் வந்து தங்குவதற்காகத் தம் பிறந்த ஊரில் கட்டும் வீடு. முன்னது வசதியில் பிறந்தது. பின்னது ஏக்கத்தில் பிறந்தது. எனினும் இரண்டும் விடுமுறை வீடுகளே. இரண்டையும் கட்டுகிறவர் அருகில் இல்லை. ஆகவே இரண்டுக்கும் பொருந்துவனவற்றை நம் குடும்பங்களின் நலன் கருதி இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

ஓய்வு இல்லம் தேடுவது குற்றமா?

குடும்பத்தோடு சில நாள் அமைதியாக இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று விரும்புதல் குற்றமன்று. உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று இளைப்பாறுமாறு அழைத்தவர் நம் ஆண்டவரே என்று மாற்கு நற்செய்தியில் காண்கின்றோம்.

கொடைக்கானல் நகரம் தோன்றிய வரலாறும் இதையே சொல்கின்றது. 1834 இல் மதுரைப் பகுதியில் பணி தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்தாலும் நோய்களாலும் தம் உடனுழைப்பாளர் பலரைப் பறிகொடுத்தனர். எஞ்சியோரைக் காக்க எண்ணிப் பழனி மலைமீது 1845 இல் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற இரு வீடுகளை எழுப்பினர். பின்னாளில் கோடை நகரமாய் வளர்ந்ததற்கு அவ்விரு வீடுகளே தொடக்கம். மலைக்கு மோட்டார்ச் சாலை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கட்டடப் பொருள்களில் பெரும்பகுதி அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மனிதர் தலைமீதும் தோள்மீதும் ஏறிச் சென்றது. வீடுகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். சுமந்தவர்களின் பெயர்கள் தெரியா.

இன்பத்துக்காக வீடு கட்டுவதில் பிழையில்லை. ஆயின், ஒருவர் இளைப்பாறுவதற்காக எழும் வீடு மற்றொருவரை இளைக்கச் செய்ததா என்ற கேள்வி அதன் கடைக்காலோடு பிறந்துவிடுகின்றது. கட்டுகிறவர் தொலைவில் இருக்கும்போது இக்கேள்வி அவர் காதில் விழுவதில்லை. தொலைவு என்னும் இடரின் உயிர்நிலை இதுவே.

சாலமோன் கட்டிய கட்டடம்

தொலைவிலிருந்து கட்டுதல் நம் காலத்துப் புதுமையன்று. அரசர் முதல் நூலைப் புரட்டினால், எருசலேமில் இருந்த சாலமோன் அரசர், தீர் நாட்டு அரசர் ஈராமுக்குத் தூது அனுப்பி, லெபனோன் மலையின் கேதுரு மரங்களைக் கேட்டுப் பெற்ற செய்தியைக் காணலாம். மரங்கள் கடலில் தெப்பமாய்க் கட்டி மிதக்கவிடப்பட்டு வந்தன. விலையாகக் கோதுமையும் எண்ணெயும் ஆண்டுதோறும் சென்றன. எவர் என்ன தருவது, எங்கே ஒப்படைப்பது என்பன எல்லாம் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசப்பட்டன. சாலமோன் லெபனோனுக்கு அனுப்பிய முப்பதாயிரம் பேரும் மாதத்துக்குப் பதினாயிரம் பேராக முறை வைத்துச் சென்றனர். ஒரு மாதம் மலையில் வேலை, இரண்டு மாதம் தம் வீட்டில் இருப்பு. கோவிலைக் கட்டி முடிக்க 7 ஆண்டுகள் ஆயின. அரசரின் அரண்மனைக்கு 13 ஆண்டுகள்.

ஆனால் அக்கதை அத்தோடு முடியவில்லை. பணிகளெல்லாம் முடிந்தபின் சாலமோன் ஈராமுக்கு இருபது ஊர்களைக் கொடுத்தார். ஈராம் நேரில் வந்து பார்த்தார். அவை அவருக்குப் பிடிக்கவில்லை. நெடுநாள் நட்பு, கணக்குத் தீர்க்கும் நாளில் கசந்தது. அதனினும் பெரிய கசப்பு உள்நாட்டில் விளைந்தது. கட்டடப் பணிகளின் நுகத்தைச் சுமந்த மக்கள், சாலமோனின் மகன் ரெகபெயாமிடம் வந்து சுமையைக் குறைக்க வேண்டினர். அவர் செவிசாய்க்கவில்லை. கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமை மக்கள் கல்லால் எறிந்து கொன்றனர். அரசு இரண்டாகப் பிளந்தது. ஏழாண்டில் எழுந்த கோவிலின் அழகை மட்டும் பேசும் நாம், அதைத் தொடர்ந்து வந்த பிளவையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

செட்டிநாடு கற்பிக்கும் பாடம்

விவிலியக் காலத்தை விட்டு நம் தமிழகத்துக்கு வருவோம். தொலைவிலிருந்து வீடு கட்டியதில் நகரத்தார் பெருமக்களுக்கு ஈடு சொல்லத் தக்கவர் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி அவர்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்தினர். கடைகளை நடத்தச் சென்ற ஏஜண்டுகள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் ஊர் திரும்பி வந்தனர். அங்கே ஈட்டிய செல்வம் காரைக்குடியைச் சூழ்ந்த வறண்ட ஊர்களில் மாளிகைகளாய் எழுந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகள் அவை. தூணும் நிலையும் பர்மாத் தேக்கு. தரையில் ஆத்தங்குடிக் கல். சுவரில் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. வெயிலின் கடுமையைத் தணிக்கவும் மழைநீரைச் சேர்க்கவும் நடுவே திறந்த முற்றம்.

கடலுக்கு அப்பால் இருந்தவர்களால் இவ்வளவு செம்மையாக எவ்வாறு கட்ட முடிந்தது? காசுக்குக் காசு கணக்கு எழுதும் ஒழுக்கம் அவர்களுடைய தொழிலிலேயே ஊறியிருந்தது என்பது ஒரு காரணம். ஊரில் இருந்த பெண்களும் பெரியவர்களும் வீட்டின் நிருவாகத்தைத் திறம்பட நடத்தினர் என்பது மற்றொரு காரணம். பணம் தொலைவிலிருந்து வந்தது. கண்ணும் கருத்தும் ஊரிலேயே இருந்தன.

ஆயினும் அவ்வீடுகளின் பிற்கதையையும் நாம் அறிவோம். 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர்; 1960-களில் அந்நாட்டு இராணுவ அரசு வங்கிகளையும் வாணிகத்தையும் அரசுடைமையாக்கியது. செல்வத்தின் ஊற்று வற்றியது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் ஆயினர். பழுதுபார்க்க ஒருவர் இசைந்தால் மற்றொருவர் இசையார். கலியாணத்துக்கும் சடங்குக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் பல. இடிக்கப்பட்டுத் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோன வீடுகள் சில. விடுதிகளாக மாறியவை வேறு சில. 2014 இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. உலகம் போற்றும் அவ்வீடுகளில் அந்தி விளக்கேற்ற ஆளில்லாதவை எத்தனையோ!

நம் ஓசூரிலும் இத்தகைய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த பிரெட் என்னும் ஆங்கிலேயர், தம் தாய்நாட்டின் கெனில்வொர்த் கோட்டையை நினைவூட்டும் மாளிகையொன்றை அங்கே எழுப்பினார். இன்று அது இடிபாடு. எந்த ஊரில் எவருக்காகக் கட்டுகிறோம் என்பதை எண்ணாமல், ஆசையின் அளவுக்குக் கட்டிய கட்டடத்துக்கு அடுத்த தலைமுறையில் உரியவர் இரார்.

மண்ணை அறிந்து திட்டமிடுக

இனி நடைமுறைக்கு வருவோம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது ஆண்டவர் சொன்ன உவமை. தொலைவில் இருப்பவர் செலவைக் கணக்கிடுமுன் நிலத்தைக் கணக்கிடல் வேண்டும். பட்டா எவர் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்றில் என்ன காண்கின்றது, புலப்படத்தில் கண்ட எல்லையும் தரையில் கண்ட எல்லையும் ஒன்றுதானா, நிலம் பாகம் பிரிக்கப்பட்டதா, புறம்போக்கோ வனத்துறை எல்லையோ குறுக்கிடுகின்றதா, வண்டி செல்லும் பாதை பொதுவழியா அன்றி அயலாரின் நிலமா — இவற்றை நேரில் வந்து, சர்வேயரை வைத்து அளந்து அறிந்தபின்னரே முதற்கல்லை நாட்ட வேண்டும். பாகம் பிரியாத நிலத்தில் அண்ணன் கட்டிய வீடு, தம்பியின் மனத்தில் எழுப்பிய சுவராய் முடிவதை நாம் எத்தனையோ குடும்பங்களில் காண்கின்றோம்.

அடுத்து வரைபடம். பெங்களூரில் தாம் கண்ட வீட்டின் படத்தைக் கைபேசியில் காட்டி, ‘இதைப்போலவே வேண்டும்’ என்று கேட்பவர் பலர். கண்ணாடிச் சுவரும் தட்டையான கூரையும் நகரத்துக் குளிரூட்டிக்கு ஏற்றவை. கோடை வெயிலில் காயும் காட்டோரத்துக்கு ஏற்றவை அல்ல. கருங்கல்லுக்குப் பேர்பெற்றது கிருஷ்ணகிரி மாவட்டம். இப்பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரும், தாழ்ந்த இறவாணமும், முன்திண்ணையும் வறுமையால் மட்டும் அமைந்தவை அல்ல. இம்மண்ணின் வெயிலையும் மழையையும் அறிந்தவர்களின் அறிவால் அமைந்தவை.

இங்கிலாந்தில் 1917 இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டு, 2007 இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இவ்வறிவைப் பெரிதும் போற்றியவர். திருவனந்தபுரத்தில் லயோலா சிற்றாலயத்தை அமைத்தவர் அவரே. கட்டும் இடத்தில் நின்று, இருக்கும் மரத்தையும் பாறையையும் வெட்டாமல், உள்ளூர்ப் பொருள்களைக்கொண்டு, கொத்தர்களோடு கலந்து பேசிக் கட்டுவது அவர் வழக்கம். செங்கற்களைப் படுக்கவைக்காது நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘ரேட் டிராப்’ என்னும் கட்டுமுறையை அவர் பரப்பினார். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்க்குப் பெரிய வீடு தேவையன்று. பூட்டிக் கிடக்கும் நாள்களிலும் பழுதுபடாத வீடே தேவை.

கண்ணும் கணக்கும்

பணம் வங்கி வழியாக ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடுகின்றது. படங்கள் கைபேசி வழியாக அக்கணமே பறந்து செல்கின்றன. இனி நேரில் இருக்க வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கான்கிரீட் தளம் போட்ட மறுநாள் முதல் அதைக் காயவிடாது ஈரமாய் வைத்திருத்தல் வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது இந்தியத் தர அமைவனத்தின் விதி. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், சுவருக்கு வேளை தவறாது தண்ணீர் விடுவதும் இதற்காகவே. தளத்தைத் தாங்கும் முட்டுகளையும் அளவறிந்தே எடுத்தல் வேண்டும். நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும். கோடையில் குடிநீருக்கே அலையும் ஊரில், பிறர் வீட்டுத் தளத்துக்குப் பத்து நாள் தண்ணீர் ஊற்றுபவர் யார்? தளம் போட்ட அன்று எடுத்த படம் அழகாய் இருக்கும். மூன்றாம் நாள் அது காய்ந்து கிடந்ததைச் சொல்லப் படம் வாராது. சில ஆண்டு கழித்து விரிசலும் ஒழுக்குமே அதைச் சொல்லும்.

ஆகவே, தொலைவிலிருந்து கட்டுகிறவர் முதலில் தேட வேண்டியது கல்லையன்று. ஊரில் இருந்து மேற்பார்க்கும் நம்பிக்கைக்குரிய ஓர் ஆளை. அவர் உறவினராயின் இன்னும் கவனம் வேண்டும். அவருடைய நேரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை முன்னரே பேசிக் கொடுத்துவிடுதல் நன்று. ‘தம்பிதானே பார்த்துக்கொள்வான்’ என்று விடுவது அன்புபோல் தோன்றும். பின்னர் அதுவே பகையாய் மாறும்.

ஒரு பங்கில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. அண்ணன் பெங்களூரில் வண்டி ஓட்டுபவர். தம்பி ஊரில் கேழ்வரகு விதைத்து ஆடு வளர்ப்பவர். மாதந்தோறும் அண்ணன் அனுப்பிய பணத்தில் தம்பி வீட்டை எழுப்பினார். வீடு முடிந்த முதல் மழையிலேயே தளம் ஒழுகியது. ‘சிமெண்டுக்கு அனுப்பிய பணம் எங்கே போயிற்று?’ என்று அண்ணன் கேட்டார். அந்த ஒரு கேள்வியால் இருவரும் ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சற்றுப் போயினர். தாய் இருவருக்கும் நடுவே கண்ணீரோடு நின்றார். இருவரையும் அழைத்து உட்கார வைத்து, தம்பியிடம் கணக்கு உண்டா என்று கேட்டோம். தம் மகளுடைய பள்ளி நோட்டின் பின்பக்கங்களைக் கொண்டுவந்து வைத்தார். சிமெண்டு மூட்டை, மணல் லோடு, கொத்தனார் கூலி என்று பென்சிலில் எழுதியவை. அந்தப் பெண்பிள்ளையைக் கொண்டே கூட்டிப் பார்த்தபோது, பணம் வாராத இரண்டு மாதங்களில் வேலை நிற்கக் கூடாதென்று தம்பி தம் ஆடுகளை விற்றுக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்து தம்பியின் கைகளைப் பற்றிக்கொண்டார். தண்ணீர் போதாமையே ஒழுக்குக்குக் காரணம் என்று கொத்தனார் சொன்னார். தளத்தைச் சரிசெய்துவிட்டனர், ஆட்டின் விலையும் திருப்பித் தரப்பட்டது. அந்தப் பள்ளி நோட்டு இல்லாதிருந்தால் அக்குடும்பம் என்னவாகியிருக்கும்?

எனவே கணக்கு எழுதுங்கள். வாங்கிய பொருளுக்கெல்லாம் சீட்டு வாங்கி வையுங்கள். மேஸ்திரியோடு செய்யும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யுங்கள். கடைக்கால், நிலை வைத்தல், தளம், பூச்சு எனப் படிப்படியாகப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு படியும் முடியும் நாளில் நேரில் வந்து பார்த்த பின்னரே அடுத்த படிக்குப் பணம் தாருங்கள். கடல் கடந்து இருப்பவர், தம்மைச் சாராத பொறியாளர் ஒருவரைக் கொண்டு அவ்வாறு பார்க்கச் செய்யலாம். பிறருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதாயின், இன்ன வேலைக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதுங்கள். இது ஐயப்பாடன்று, அன்பைக் காக்கும் வேலி.

சனிக்கிழமைக் கூலி

கட்டட வேலையில் வாரக் கூலி சனிக்கிழமை மாலையில் கொடுக்கப்படுகின்றது. உரிமையாளர் ஊரில் இருந்தால் வேலையாள்கள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் தொலைவில் இருந்தால் மேஸ்திரியைக் கேட்பார்கள். மேஸ்திரி, ‘பணம் இன்னும் வரவில்லை’ என்பார். பெங்களூரில் இருப்பவர்க்கு அது மறந்துபோன ஒரு சிறு வேலை. இங்கே ஒரு சித்தாளின் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை அடுப்பு. கூலியாளின் கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகின்றது. கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுவதையும், அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுவதையும் யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதுகின்றார்.

எரேமியா இறைவாக்கினரின் கடிந்துரை இன்னும் கூர்மையானது. யோயாக்கிம் அரசர் தமக்கென்று விசாலமான மேலறைகளோடு மாளிகை கட்டினார். கேதுருப் பலகை பதித்தார். செந்நிற வண்ணம் பூசினார். வேலை செய்தவர்க்குக் கூலி கொடுக்கவில்லை. இறைவாக்கினர் அவ்வீட்டின் அழகைப் பழிக்கவில்லை. அது அநீதியின்மேல் நிற்பதையே பழித்தார். 1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலும், 1981 இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் நீதியான கூலியைத் தருமமென்று கூறவில்லை. உரிமை என்றே கூறுகின்றன.

நம் பகுதி மக்களுக்கு இதை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பெங்களூரின் மாடிகளில் உழைத்து, கூலி நிலுவையாகி, முகம் தெரியாத முதலாளியை எண்ணி வெறுங்கையோடு பேருந்து ஏறியவர்கள் நம்மிடையே உள்ளனர். அப்படிப்பட்டவரின் மகனோ தம்பியோ தன் ஊரில் வீடு கட்டும்போது, தானே அந்த முகம் தெரியாத முதலாளி ஆகிவிடலாகாது. வேலையாள்கள் 1994 இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துள்ளனரா என்றும் கேளுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அப்பதிவு அவர் குடும்பத்துக்குத் துணையாகும். நிழலும் குடிநீரும் பெண்களுக்கு மறைவிடமும் முதல் நாளே செய்து தர வேண்டியவை.

வேலியும் அயலாரும்

நாட்றாம்பாளையம் போன்ற காட்டோரத்து ஊர்களில் கட்டுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் 2014 இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022 இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கருநாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் கூட்டமாய் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. யானை நடக்கும் வழியை ஒருவர் மதிலிட்டு மறித்தால், அது திரும்பிப் போய்விடுவதில்லை; பக்கத்து ஏழையின் கேழ்வரகுக் கொல்லைக்குள் திரும்புகின்றது. செல்வரின் மதிலுக்கு அயலார் விலை கொடுக்கின்றனர். 2023 மார்ச்சு மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பகுதியில், விளைநிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. அத்தகைய வேலியில் மனிதரும் மாள்வதுண்டு. வேலி போடுமுன் வனத்துறையினரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள்.

தண்ணீரும் அவ்வாறே. வாரத்துக்கு இரண்டு நாள் தங்குவதற்காக ஆழ்துளைக் கிணறு தோண்டிப் புல்வெளி வளர்த்தால், அண்டை வீட்டாரின் கிணறு என்னாகும் என்று எண்ண வேண்டும். கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் தொட்டியை வீட்டோடு வீடாகக் கட்டுங்கள். கட்டும்போதே தண்ணீர் தேவைப்படும் இடத்தில் அதுவே முதல் வேலையாகவும் அமையலாம். பூமி நம் பொது இல்லம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில் அறிவுறுத்தினார். பொது இல்லத்தைச் சிதைத்துத் தனி இல்லம் கட்டுதல் தகாது.

பூட்டு

இறுதியாக, இவற்றுள் தலையாய ஒன்று. புது வீடு முடிந்து, திருவிழா கழிந்து, உரியவர்கள் ஊர் திரும்பிய பின் அவ்வீட்டின் வாயிலில் தொங்குவது பூட்டு. அதன் பக்கத்திலேயே ஓடு பிரிந்த பழைய வீட்டில் முதிய தாய் படுத்திருக்கிறார். ‘புது வீட்டில் இருக்கலாமே அம்மா’ என்றால், ‘தரை அழுக்காகிவிடும், பிள்ளை வந்தால் பார்க்கும்’ என்கிறார். நாம் கேட்கும் பல செய்திகளுள் இதைவிட நெஞ்சை உறுத்துவது வேறொன்றில்லை. எவருடைய மடியில் தவழ்ந்து இம்மண்ணின்மேல் ஏக்கம் பிறந்ததோ, அவர் அந்த ஏக்கத்தில் எழுந்த வீட்டுக்குக் காவலாளாகவும் வாசல் பெருக்குபவராகவும் மட்டும் இருக்கலாமா?

பூட்டிய வீடு தானாகவே கெடும். கறையான் ஏறும், காரை பெயரும். ஆள் புழங்கும் வீடு நிலைக்கும். ஆகவே வரைபடம் போடும் நாளிலேயே, ‘நாம் இல்லாத நாள்களில் இதில் யார் இருப்பார்?’ என்று கேளுங்கள். பெற்றோருக்கென்று தரைத்தளத்தில் கழிப்பறையோடு கூடிய ஓர் அறையை முதலில் வரையுங்கள். பெற்றோர் இல்லையேல், தொலைவூரிலிருந்து வந்து இப்பக்கத்துப் பள்ளியிலும் மருத்துவ நிலையத்திலும் பணிபுரிவோர் குடியிருக்க வீடின்றி அல்லல்படுவதை நினையுங்கள். ஒரு பகுதியை நியாயமான வாடகைக்கு விடுங்கள். உயில் எழுதுவதையும் தள்ளிப் போடாதீர்கள். செட்டிநாட்டுப் பங்காளிகளின் பூட்டு நம் பிள்ளைகளுக்கு வேண்டா.

மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். பிறருக்குக் கதவும் நிலையும் செய்து கொடுத்த தச்சர் அவர். தம் இல்லத்தில் இறைமகனுக்கும் அன்னை மரியாளுக்கும் இடமளித்ததே அவருக்குப் பெருமை. வீடு மந்திரிக்கும் நாளில் குருவானவரை அழைக்கும் அன்பர்களே, அந்நாளில் கொத்தனாரையும் சித்தாளையும் தண்ணீர் ஊற்றியவரையும் பெயர் சொல்லி அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்களுடைய கணக்கை முன்னாளே தீர்த்து வையுங்கள். முதல் விளக்கை உங்கள் தாய் ஏற்றட்டும். விழா முடிந்து நீங்கள் வண்டியேறும்போது, சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.